ஈரத்துணி வைத்தியம்

காலையில் முதல் செல்ஃபிலேயே ஸ்டார்ட் ஆன வண்டி. வழியில் பெட்ரோல் போட நிறுத்துகிறீர்கள். பத்து நிமிஷம் கழித்துச் சாவியைத் திருப்பினால் 'டர்ர்ர்ர்' என்று இழுத்துக்கொண்டே இருக்கிறது, பிடித்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. பின்னால் ஹார்ன் சத்தம். பங்க் பையன்கள் இரண்டு பேர் வந்து ஓரமாகத் தள்ளிவிடுகிறார்கள். அரை மணி நேரம் கழித்து, ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது.

பழைய வண்டி வைத்திருந்தவர்களுக்கு இது புதிதல்ல. இதன் உடன்பிறப்பான இன்னொரு வியாதியும் தெரிந்திருக்கும். சிக்னலில் நிற்கும்போது ஐடிலிங் சீராக இருக்காது. நொண்டிக் குதிரை மாதிரி ஏறி ஏறி இறங்கும், ஸ்டியரிங் கையில் நடுங்கும். காலை எடுத்தால் அணைந்துவிடுமோ என்று ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்துக்கொண்டே பச்சை விளக்குக்காகக் காத்திருப்பீர்கள்.

போன மாதம் குரோம்பேட்டையிலிருந்து நண்பன் ஒருவன் போன் செய்தான். தொண்ணூறுகளில் வாங்கிய கார்புரேட்டர் வண்டியை இன்னும் விடாப்பிடியாக வைத்திருப்பவன். மேலே சொன்ன இரண்டு வியாதியும் அவன் வண்டிக்கு வந்திருக்கிறது. "எல்லாம் இந்த எத்தனால்டா. பெட்ரோல்ல கலக்கறாங்க இல்ல, அதான்" என்றான். தீர்ப்பு சொல்லிவிட்டுத்தான் கேஸையே ஆரம்பித்தான். எனக்குப் பழைய ஞாபகம் ஒன்று வந்து, அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டி மறுபடி படித்தேன்.

ராபர்ட் பிர்ஸிக் 1974ல் எழுதிய 'ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டெனன்ஸ்'. பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 121 பதிப்பாளர்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய பிறகு வெளிவந்து, லட்சக்கணக்கில் விற்ற புத்தகம். தலைப்பைப் பார்த்து ஜென்னுக்காக வாங்கியவர்களும் ஏமாந்தார்கள், மோட்டார்சைக்கிளுக்காக வாங்கியவர்களும் ஏமாந்தார்கள். ஆசிரியரே ஆரம்பத்தில் ஒரு குறிப்பில், இதில் மரபான ஜென்னும் அதிகமில்லை, மோட்டார்சைக்கிள் விவரங்களும் அவ்வளவு கச்சிதமில்லை என்று ஒப்புக்கொண்டுவிடுகிறார். தலைப்பில் இருக்கும் இரண்டு சமாசாரத்தையும் முதல் பக்கத்திலேயே கைகழுவுகிற தைரியம் எத்தனை பேருக்கு வரும்?

1968 கோடையில் மினியாபொலிஸிலிருந்து கலிஃபோர்னியா வரை பதினோரு வயது மகனைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு அவர் மோட்டார்சைக்கிளில் போன பயணம்தான் கதை. பாதி வழி வரை ஒரு நண்பரும் அவர் மனைவியும் பிஎம்டபிள்யூவில் கூட வருகிறார்கள். நடுநடுவே தந்தையின் பழைய வாழ்க்கை, மனநல மருத்துவமனை, மின் அதிர்ச்சி சிகிச்சை, அப்புறம் கிரேக்கத் தத்துவம், தரம் என்றால் என்ன என்ற விசாரணை. பிர்ஸிக் கொஞ்ச காலம் காசிக்கு வந்து, பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தவர். அந்த வாசனையும் உண்டு. முதல் தடவை படித்தபோது இந்தத் தத்துவப் பக்கங்களை நான் தாண்டித் தாண்டிப் போனேன். இந்தத் தடவை ஒழுங்காகப் படித்தேன். தாண்டினதில் பெரிய நஷ்டமில்லை என்பது என் அபிப்பிராயம். அடிக்க வராதீர்கள். புத்தகத்தின் உயிர் இருப்பது கிரீஸ் பட்ட பக்கங்களில்தான்.

அதில் ஒரு இடம். மான்டானா மாநிலத்தில் மைல்ஸ் சிட்டி என்ற ஊர். காலையில் வண்டியைத் தட்டிக் கொட்டிப் பார்க்க உட்காருகிறார். ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றுகிறார். கரி பிடித்துக் கறுத்திருக்கிறது. அப்படியென்றால் பெட்ரோல் அதிகம், காற்று கம்மி. முந்தின நாள் ஊருக்குள் வரும்போது ஐடிலிங் லேசாக நொண்டியது இப்போது ஞாபகம் வருகிறது. அதற்கும் இதற்கும் ஒரே காரணமாக இருக்கலாம். உடனே முடிவு கட்டாமல் இரண்டாவது சிலிண்டரின் ப்ளக்கையும் கழற்றிப் பார்க்கிறார். அதுவும் கறுப்பு. ஆக, ஒரு சிலிண்டரின் தனிப்பட்ட கோளாறு இல்லை, இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்று. யோசித்தால் விடை கிடைக்கிறது. சமவெளியிலிருந்து உயரத்துக்கு வந்தாயிற்று, இங்கே காற்று மெலிசு. கார்புரேட்டர் மட்டும் அதே அளவு பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருக்கிறது. ஜெட்டை மாற்றினால் சரியாகிவிடும்.

இவ்வளவுதான், இரண்டு பக்கம்கூட இருக்காது. ஆனால் நொண்டுகிற ஐடிலிங்கைப் பற்றி இதைவிட நல்ல பாடம் நான் எந்த மெக்கானிக் புத்தகத்திலும் படித்ததில்லை. வரிசையைக் கவனியுங்கள். கண்ணால் பார்த்தது முதலில். அப்புறம் முன்பே காதில் விழுந்து, அலட்சியமாக விட்டது. மூன்றாவதாக, நினைப்பது சரியா என்று சோதிக்க இன்னொரு ப்ளக். காரணத்துக்குப் பெயர் வைப்பது கடைசியில். நாம் எல்லோரும் கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்கிறோம். நான் செய்தேன்.

1995 மே மாதம். அம்மாவுக்குக் கண்ணில் காட்டராக்ட் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குக் கூட்டிவருகிறேன். வண்டி அப்பா வாங்கியது, 1978 மாடல். கம்பெனி பெயர் வேண்டாம், தப்பு அதன் மேல் இல்லை. அடையாறில் சொட்டு மருந்து வாங்க மெடிக்கல் ஷாப் முன்னால் நிறுத்தினேன். கூட்டம், பதினைந்து நிமிஷம் ஆகிவிட்டது. திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் டர்ர்ர். அம்மா ஒரு கண்ணில் பச்சைக் கட்டோடு பின் சீட்டில். மே மாத மத்தியானம். ஆக்ஸிலரேட்டரைப் 'பம்ப்' அடித்தேன், ஐந்து தடவை, பத்து தடவை. எல்லோரும் அப்படித்தானே செய்வோம்? வண்டி அசையவில்லை. முந்தானையால் விசிறிக்கொண்டே அம்மா, "அவசரமில்லடா, மெதுவா பாரு" என்றாள். அவள் அப்படிச் சொன்னதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

இந்த மாதிரி சமயங்களில் எங்கிருந்தோ ஒரு வேஷ்டி கட்டிய நிபுணர் வருவார். வந்தார். பானெட்டைத் தூக்கச் சொன்னார். "வேப்பர் லாக் சார். பெட்ரோல் பம்ப்பு மேல ஈரத்துணி போடுங்க" என்றார். டீக்கடையில் தண்ணீர் வாங்கி, டிக்கியில் இருந்த துணியை நனைத்துச் சுற்றி, மறுபடி தண்ணீர் ஊற்றி, இருபது நிமிஷம். சாவியைத் திருப்பினேன். உடனே ஸ்டார்ட்! நிபுணர் ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். நான் அன்றிலிருந்து ஈரத்துணி மதத்தில் சேர்ந்துவிட்டேன். டிக்கியில் ஒரு பாட்டில் தண்ணீரும் பழைய வேஷ்டித் துண்டும் நிரந்தரக் குடித்தனம்.

அந்தக் காலத்தில் பத்மினி, அம்பாசிடர் வைத்திருந்த பாதிப்பேர் இந்த மதம்தான். மதத்துக்கு ஆதாரம் இல்லாமலும் இல்லை. பெட்ரோல் என்பது ஒரே திரவம் அல்ல, பல சரக்குகளின் கலவை. அதில் சில பகுதிகள் 35 டிகிரியிலேயே ஆவியாக ஆரம்பித்துவிடும். ஓடுகிற வண்டியில் ஃபேன் சுற்றும், ரேடியேட்டர் தண்ணீர் ஓடும், புதுப் பெட்ரோல் குளிர்ச்சியாக வந்துகொண்டிருக்கும். நிறுத்திவிட்டால் மூன்றும் நின்றுபோய், என்ஜினின் சூடு முழுவதும் பானெட்டுக்குள் தேங்குகிறது. நிறுத்தின முதல் கால் மணி நேரத்தில் பம்ப்பும் கார்புரேட்டரும், ஓடும்போது இருந்ததைவிட அதிகமாகச் சூடாகும். பைப்பில் பெட்ரோலுக்குப் பதில் ஆவி நின்றுகொண்டால் பம்ப் வெறும் காற்றை அமுக்கிக்கொண்டிருக்கும். இதுதான் வேப்பர் லாக். நிஜமான வியாதிதான். என் வண்டிக்கு இருந்ததா என்பதுதான் கேள்வி. அதை நான் கேட்கவேயில்லை.

எங்கள் மெக்கானிக்கை எல்லோரும் பாய் என்போம். ஷெட்டில் வண்டியை விட்டபோது, "என்னா சார் பிரச்னை?" என்றார். "வேப்பர் லாக் பாய்" என்றேன். டாக்டரிடம் போய், "எனக்கு டைஃபாய்டு, மருந்து குடுங்க" என்று சொல்வதற்குச் சமம். அவர் பம்ப்பை மாற்றினார். பெட்ரோல் பைப்பை மானிஃபோல்டிலிருந்து தள்ளிப் போட்டார். மறுநாள் காலை பத்து தடவை ஸ்டார்ட் செய்து காட்டினார். குளிர்ந்த வண்டி, பத்து தடவையும் ஸ்டார்ட் ஆனது. நான்காவது நாள் மறுபடி நடுரோட்டில். வேறொரு ஷெட்டில் இக்னிஷன் காயில் மாற்றினார்கள். ஐடிலிங் நொண்டுகிறதே என்றதற்கு, ஸ்க்ரூவைத் திருகி வேகத்தைக் கூட்டிவிட்டார்கள். நொண்டல் காதில் விழவில்லை. அதற்குப் பதில், சாவியை எடுத்த பிறகும் என்ஜின் நாலைந்து தடவை தானாகக் குலுங்கிவிட்டு அணைய ஆரம்பித்தது.

மூன்று மாதம் இப்படி. கோபத்தில் இரண்டு நண்பர்களிடம், "பாய் ஏமாத்தறார், நல்ல பம்ப்பை மாத்திட்டார்" என்று சொன்னேன். அதில் ஒருவர் அவரிடம் போவதையே நிறுத்திவிட்டார். பத்து வருஷத்து கஸ்டமர்.

கடைசியில் சண்டை போடுவதற்காகத்தான் போனேன். பாய் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்று சொன்னார். "சார், நீங்க வண்டி நல்லா இருக்கறப்ப கொண்டாந்து வுட்டுட்டுப் போறீங்க. கெட்டுப்போறப்ப எனக்குக் காட்டுங்க. அப்பதானே பாக்க முடியும்?"

மறுநாள் மத்தியானம் இரண்டு பேரும் தாம்பரம் வரை ஓட்டிக்கொண்டு போனோம். ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தச் சொன்னார். டீ குடித்தோம். பன்னிரண்டு நிமிஷம் கழித்து, "இப்ப போடுங்க" என்றார். டர்ர்ர். பழக்க தோஷத்தில் நான் டிக்கியைத் திறந்து வேஷ்டித் துண்டை எடுக்கப் போனேன். "அதை வெச்சிடுங்க சார், ஆக்ஸிலேட்டரையும் தொடாதீங்க" என்றார். ஒரு ப்ளக்கைக் கழற்றினார். மைனர் குஞ்சு மாதிரி மினுமினுவென்று கறுப்பாக, பெட்ரோலில் நனைந்திருந்தது. ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டு, கார்புரேட்டர் வாய்க்குள் டார்ச் அடித்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். உள்ளே பெட்ரோல் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. என்ஜின் நின்று கால் மணி நேரம் ஆகியும்!

வேப்பர் லாக் என்றால் பெட்ரோல் வராமல் தவிக்க வேண்டும். இங்கே என்ஜின் பெட்ரோலில் மூழ்கித் தவித்துக்கொண்டிருந்தது. வியாதி நேர் எதிர். கார்புரேட்டரில் ஒரு சின்னத் தொட்டி உண்டு. அதில் ஒரு மிதவை. தொட்டி நிறைந்ததும் மிதவை மேலே போய் ஓர் ஊசியைத் தள்ளிப் பெட்ரோல் வரும் ஓட்டையை அடைக்கும். நம் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் பால் வால்வு மாதிரிதான். என் வண்டியில் அந்த ஊசி தேய்ந்து போயிருந்தது. வண்டி நின்றதும் பைப்பில் அடைபட்ட பெட்ரோல் சூட்டில் விரிந்து, தேய்ந்த ஊசியைத் தாண்டித் தொட்டியை நிரப்பி, வழிந்து என்ஜினுக்குள் போனது. போதாததற்கு நான் வேறு ஆக்ஸிலரேட்டரைப் பம்ப் அடித்துப் பெட்ரோலை இன்னும் ஊற்றியிருக்கிறேன். பாய் ஆக்ஸிலரேட்டரைக் கடைசி வரை மிதித்து, எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு செல்ஃப் அடித்தார். காற்று நிறையப் போய் அதிகப்படிப் பெட்ரோல் வெளியேறி, பின்னால் ஒரு கறுப்புப் புகையோடு ஸ்டார்ட் ஆயிற்று. சிக்னல் நொண்டலுக்கும் அதே ஊசிதான் காரணம். ஓடும்போதும் தேவைக்கு மேல் பெட்ரோல்.

அப்படியானால் ஈரத்துணி எப்படி வேலை செய்தது? இதுதான் எனக்கு ரொம்ப நாள் கழித்துப் புரிந்தது. துணியை நனைத்து, சுற்றி, மறுபடி நனைத்துக் காத்திருக்க இருபது நிமிஷம் ஆகும். மூழ்கிய என்ஜின் தானாகக் காய்வதற்கும் ஏறக்குறைய அதே நேரம்தான். துணியைப் பம்ப்பில் போடாமல் என் தலையில் போட்டுக்கொண்டிருந்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகியிருக்கும்.

ஊசி வால்வு மாற்றி, மிதவை மட்டத்தைச் சரிசெய்து, கார்புரேட்டருக்கு அடியில் சூடு ஏறாமல் ஒரு தடிமனான பேக்கிங் போட்டார். பம்ப்பின் விலையில் கால் பங்குகூட ஆகவில்லை. அதுவரை மாற்றிய பம்ப்புக்கும் காயிலுக்கும் குறை ஒன்றும் இல்லை என்று பழசை ஒரு பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். என் நண்பர்களிடம் நான் சொன்னது அவர் காதுக்குப் போயிருந்ததா, தெரியாது. கேட்கவில்லை. ஒரு நண்பரிடம் விஷயத்தைச் சொல்லித் திருத்திவிட்டேன். பாயிடம் போவதை நிறுத்தியவர் அதற்குள் பெங்களூருக்கு மாற்றலாகியிருந்தார்.

பிர்ஸிக்கும் இதே மாதிரி மாட்டிக்கொண்டவர்தான். அதை மறைக்காமல் எழுதியிருப்பதால்தான் அவர் மேல் எனக்கு மரியாதை. முன்பு ஒரு தடவை மகனோடு கனடா போக்கில் கிளம்புகிறார். கொட்டும் மழை. வண்டி நின்றுவிடுகிறது. மழையில் கரண்ட் சமாசாரம் ஏதோ நனைந்துவிட்டது என்று முடிவு. தொட்டியை ஆட்டிப் பார்க்கிறார், பெட்ரோல் சலசலக்கிறது. ப்ளக்கைப் பார்க்கிறார், பாயிண்ட்டைப் பார்க்கிறார், ஒன்றும் புரியவில்லை. லீவே பாழாகி வீடு திரும்புகிறார்கள். இரண்டு வாரம் கழித்து, கார்புரேட்டரைத் துடைக்கக் கொஞ்சம் பெட்ரோல் பிடிக்கலாமே என்று குழாயைத் திறந்தால் ஒரு சொட்டு வரவில்லை. சலசலத்தது ரிசர்வில் இருந்தது. ரிசர்வுக்குத் திருப்பியிருந்தால் மழையிலேயே போயிருக்கலாம்! மழைதான் காரணம் என்று முதலிலேயே பெயர் வைத்துவிட்டதால் மற்ற எதையும் அவர் கண் பார்க்கவில்லை.

இந்தப் பிடிவாதத்தை விளக்கப் பின்னால் ஓரிடத்தில் நம்மூரையே உதாரணத்துக்கு இழுக்கிறார். தென்னிந்தியக் குரங்குப் பொறி. தேங்காயைக் குடைந்து, உள்ளே அரிசி போட்டு, முளையில் கட்டி வைப்பார்களாம். குரங்கு கையை விட்டு அரிசியை அள்ளும். மூடிய கை வெளியே வராது. அரிசியை விட்டால் தப்பிக்கலாம், ஆனால் விடாது. நான் தென்னிந்தியாவிலேயே பிறந்து வளர்ந்தவன். எங்கள் பக்கம் குரங்கு பிடிக்க வருகிறவர்கள் கூண்டும் வாழைப்பழமும்தான் கொண்டுவருவார்கள். தேங்காயைக் குடைந்த யாரையும் பார்த்ததில்லை. இருந்தாலும் உதாரணம் பொருத்தம். மூன்று மாதம் நான் 'வேப்பர் லாக்' என்ற ஒரு பிடி அரிசியை விடாமல் வைத்திருந்தேன்.

இந்தப் பிடியைத் தளர்த்த அவர் சொல்லும் வழி ஒரு நோட்டுப் புத்தகம். பிரச்னை என்ன, காரணம் எதுவாக இருக்கலாம், அதை எப்படிச் சோதிப்பது, என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறோம், என்ன நடந்தது, கடைசியில் முடிவு. முதல் வரியில் நிச்சயமாகத் தெரிந்ததற்கு மேல் ஒரு வார்த்தை எழுதக்கூடாது என்பதில் கண்டிப்பாக இருக்கிறார். 'கரண்ட் கோளாறு' என்று எழுதினாலே தப்பு. 'வண்டி ஓடவில்லை' என்பதோடு நிறுத்த வேண்டும். ரொம்பச் சரி.

என் புகார் வேறு. புத்தகம் முழுக்க வண்டியைப் பார்ப்பது ஒரே ஒரு ஆள். தனியாக, அமைதியாக, கையில் டூல்ஸோடு, வேண்டிய அவகாசத்தோடு. மெக்கானிக் என்று வருகிறவர்கள் பலரைப் பற்றி அவருக்கு நல்ல வார்த்தை இல்லை. ஆரம்பத்திலேயே ஒரு ஷெட் வருகிறது. ரேடியோ அலறுகிறது, பையன்கள் வேடிக்கை பார்க்கிற மாதிரி வேலை செய்கிறார்கள், சுத்தியலால் அடித்து எதையோ உடைக்கிறார்கள். கடைசியில் கோளாறு இருபத்தைந்து சென்ட் பெறாத ஒரு பின். எண்ணெய் போகிற வழியில் உடைந்து கிடந்ததைப் பிர்ஸிக்கே கண்டுபிடிக்கிறார். அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது நமக்கும் கோபம் வருகிறது, தலையாட்டுகிறோம். ஆனால் இரண்டாம் தடவை படிக்கையில் ஒன்று தோன்றியது. அவர் அந்தப் பையன்களிடம் என்ன சொல்லி வண்டியை விட்டார்? எந்த வேகத்தில், எவ்வளவு நேரம் ஓட்டிய பிறகு என்ன ஆயிற்று என்று சொன்னாரா? அவர்களிடம் இருந்த தகவல் என்ன? அதைப் பற்றிப் புத்தகம் வாய் திறப்பதில்லை.

சூட்டில் மட்டும் வருகிற வியாதி ஒரு மணி நேரத்தில் பத்து இருபது நிமிஷம்தான் உயிரோடு இருக்கும். அந்தப் பத்து நிமிஷத்தில் வண்டியோடு இருப்பவர் நீங்கள், மெக்கானிக் இல்லை. அவர் கைக்கு வரும்போது வண்டி குளிர்ந்து, நல்ல பிள்ளையாக நிற்கும். விட்டு விட்டு வரும் கோளாறுகளைப் பற்றி பிர்ஸிக்கும் எழுதுகிறார். அதுவும் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் யோசனைதான். நம் ஊரில், ஏன் எந்த ஊரிலும், வண்டி வைத்திருக்கும் நூறு பேரில் எத்தனை பேர் தானே ப்ளக் கழற்றுகிறோம்? நம் வண்டிகள் இரண்டு பேருக்கு நடுவில்தான் ரிப்பேர் ஆகின்றன. பார்த்தவர் ஒருவர், தெரிந்தவர் இன்னொருவர். பார்த்தவர் பார்த்ததைச் சொல்லாமல் வியாதியின் பெயரைச் சொன்னால், தெரிந்தவரும் பார்க்காமலே பம்ப்பை மாற்றுவார். இந்த இரண்டாவது ஆளுக்கு இடமே இல்லாததுதான் அவ்வளவு பெரிய புத்தகத்தின் பெரிய ஓட்டை என்பேன். தரம் தரம் என்று நூற்றுக்கணக்கான பக்கம் தேடுகிறவர், அந்தத் தேடலில் ஷெட்டில் இருக்கும் பையனை ஒரு தடவைகூடப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளவில்லை.

இப்போது குரோம்பேட்டை எத்தனால். அன்றைக்கு வேப்பர் லாக், இன்றைக்கு இது. இதிலும் கொஞ்சம் உண்மை இருப்பதுதான் ஆபத்து. 2025ல் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. எத்தனாலில் ஆக்ஸிஜன் கூடவே இருக்கிறது. ஆகவே அதே அளவு ஊற்றினால் கலவை மெலிந்துபோகும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் சென்ஸார் இதைப் பார்த்து ஓரளவு சரிக்கட்டிவிடும். கார்புரேட்டருக்குக் கண் கிடையாது. பழைய ரப்பர் ட்யூபுகளும் வாஷர்களும் எத்தனாலில் ஊறிக் கெடுவதுண்டு. ஆகவே நண்பன் சொன்னது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அது இருபத்தைந்து வருஷத்துக்கு மேலான கார்புரேட்டர். ஊசி தேய்ந்திருக்கலாம், எங்கோ விரிசலில் காற்று உள்ளே போகலாம், வால்வு இடைவெளி குறைந்து சூட்டில் சரியாக மூடாமல் இருக்கலாம், சூடானால் மட்டும் கண்டென்ஸர் மக்கர் செய்யலாம். அத்தனையும் வெளியே ஒரே மாதிரிதான் தெரியும். நின்றுபோய், அரை மணி கழித்து ஸ்டார்ட் ஆகும்.

இன்ஜெக்‌ஷன் வண்டி வைத்திருப்பவர்கள் சிரிக்க வேண்டாம். உங்கள் வண்டியிலும் இன்ஜெக்டர் கசிந்தால் மூழ்கும். நிறுத்திய பிறகு பைப்பில் அழுத்தம் நிற்காவிட்டால் பெட்ரோலுக்குத் தவிக்கும். க்ராங்க் சென்ஸார் சூட்டில் படுத்தால் ஸ்பார்க்கே வராது. ஸ்கேனரைச் சொருகினால் ஒரு நம்பர் வரும். அந்த நம்பர் எந்தத் தெருவில் கோளாறு என்று சொல்லும், எந்த வீடு என்று சொல்லாது. அதைப் பார்த்ததும் அந்தத் தெருவில் இருக்கும் சென்ஸாரை மாற்றிவிடுவதும் ஒரு ஈரத்துணி வைத்தியம்தான், விலைதான் ஆயிரக்கணக்கில்.

நண்பனிடம், "எத்தனாலை ஒரு வாரம் மறந்துடு. ஒரு பேப்பர் எடுத்துக்கோ" என்றேன். எவ்வளவு தூரம் ஓட்டினாய், எத்தனை நிமிஷம் நிறுத்தினாய் என்று எழுது. ஸ்டார்ட் ஆகாதபோது பெட்ரோல் வாசனை வந்ததா, வரவில்லையா? ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துப் பிடித்தால் பிடித்துக்கொள்கிறதா? பிடித்தால் புகை என்ன கலர்? செல்ஃப் காலையில் சுற்றுகிற வேகத்தில் சுற்றுகிறதா, சோம்பலாகச் சுற்றுகிறதா? சோம்பல் என்றால் கார்புரேட்டரை விட்டுவிட்டு பேட்டரி, கேபிள் பக்கம் போக வேண்டும். மெக்கானிக் கூட இருந்தால் சூட்டிலேயே ப்ளக்கைக் கழற்றி நனைந்திருக்கிறதா, காய்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல். நனைந்திருந்தால் பெட்ரோல் அதிகம், இல்லையென்றால் ஸ்பார்க் இல்லை. காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. ஐடிலிங் நொண்டும்போது ஏர் ஃபில்டர் வாயை ஓர் அட்டையால் அவர் கொஞ்சம் மறைத்துப் பார்க்கட்டும். சீரானால் கலவை மெலிசாக இருக்கிறது, உன் எத்தனால் கட்சிக்கு ஓர் ஓட்டு, காற்றுக் கசிவுக்கும் ஓர் ஓட்டு. இன்னும் மோசமானால் கலவை ஏற்கெனவே கெட்டி, வேறு பக்கம் தேடு. இது எல்லாம் என்ஜின் சூட்டில், பெட்ரோல் ஆவி நடுவில் நடக்கிற வேலை. பக்கத்தில் யாரும் பீடி பிடிக்கக் கூடாது, உன் கையையும் ஃபேனுக்குள் விடாதே.

"மெக்கானிக் சிரிப்பானேடா, பேப்பரைக் கொண்டுபோனா?" என்றான்.

சிரித்தாராம். அப்புறம் மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தாராம். ஆறு தடவை நின்றதில் ஐந்து தடவை பெட்ரோல் வாசனை என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்து, "நாளைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு வாங்க. வண்டிய ஓட்டிக்கிட்டே வாங்க, அணைக்காதீங்க" என்றாராம். நண்பன் டிக்கியிலிருந்து தண்ணீர் பாட்டிலை மட்டும் இன்னும் எடுக்கவில்லை. குடிக்க என்கிறான்.